ஏணிக்கு மேலே அயல்நாடு

மகாராஷ்டிர மாநிலத்தின் எல்லைகள் எவை என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். வடமேற்கே குஜராத், வடக்கே மத்தியப் பிரதேசம், கிழக்கே சத்தீஸ்கர், தென்கிழக்கே தெலங்கானா, தெற்கே கர்நாடகம், கோவா, மேற்கே அரபிக்கடல். பாடப்புத்தகத்தில் இன்னும் ஏறாத எல்லை ஒன்று இருக்கிறது. மும்பைத் தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், எதிரே ஆள் வந்தால் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில், எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியின் வாசலில் அது சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பதினோரு படி. இரும்பு ஏணி. நாலாவது படி ஆடும், பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

ஆச்சி கீழே இருக்கிறாள், பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலி, அதாவது ஒற்றை அறை. மேலே பத்ரா என்கிற தகரம் போட்ட மாடியில் மகனும் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும். ஒரே ரேஷன் கார்டு, ஒரே அடுப்பு, ஒரே சண்டை. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்த மராத்திப் பையன் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அளந்தான், கையிலிருந்த டேப்லெட்டில் தட்டினான், ஆச்சி கொடுத்த தண்ணீரைக் குடித்தான். அப்புறம் ஏணியைக் காட்டி, "வர் கோண்?" என்றான். மேலே யார்?

"யாரா? எம் மவன்லா!" என்றாள் ஆச்சி, அசல் நெல்லைத் தமிழில்.

பையனுக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனால் அவனுடைய கருவியில் மகன் என்றொரு கட்டமே கிடையாது. கீழ்த்தளம், மேல்தளம் என்ற இரண்டு கட்டங்கள்தான். தட்டினான். அந்தத் தட்டலில் ஆச்சியின் மகன் வேற்று மண்ணுக்குக் குடிபெயர்ந்தான். அந்த நேரத்தில் அவன் மேலே குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான், நைட் ஷிப்ட்.

தாராவி மறுசீரமைப்பின் விதி இப்படி. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்னாலிருந்து தரையில் குடியிருக்கிறாயா? உனக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1க்குள் வந்த தரைவாசியா? தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்ச ரூபாய் எடுத்து வை. மாடிவாசியா? 2022 நவம்பர் 15க்குள் அங்கே இருந்ததற்குச் சான்று காட்டு, அதே வெளியே 300 சதுர அடி, தவணை கட்டிக் கட்டி ஒரு காலத்தில் உன்னுடையதாகும்.

கொரியாவை 38ஆம் இணைகோட்டில் வெட்டினார்கள். அதற்கு முன்னால் இந்த மண்ணையே காலெடுத்து வைத்துப் பார்த்திராத ராட்கிளிஃப், 1947இல் ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்கத்தையும் கோடு போட்டுப் பிரித்தார். அவர்களெல்லாம் தரையில் வெட்டியவர்கள், பழைய காலத்து ஆட்கள். எங்களைக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள், எட்டடி உயரத்தில். எல்லை மலை மேல் போகும், ஆற்றின் நடுவில் போகும் என்று படித்திருக்கிறோம். ஒரு வீட்டின் ஏணி மேல் ஏறிப் போகும் என்று எந்தப் புவியியல் வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மராத்தியில் தகுதியுள்ளவனுக்கு 'பாத்ர' என்று பெயர். தகுதியில்லாதவன் 'அபாத்ர'. பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள் என்றால் போதும், எங்கள் கிழவிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்: "நீ பாத்திரமாட்டி, அபாத்திரமாட்டி?" சமையல்கட்டுப் பேச்சு மாதிரி இருக்கும். பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். இந்த அரசு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. தர்மம் போடுகிறவன் தோரணைக்கு மட்டும் குறைவில்லை. கும்பார்வாடாவில் தலைமுறை தலைமுறையாய்ச் சக்கரம் சுற்றிப் பாத்திரம் வனைகிற குயவனிடம் போய், நீ பாத்திரமா அபாத்திரமா என்று கேட்கிற துணிச்சல் வேறு எந்த ஊர் அரசுக்கு வரும்?

எல்லை என்பது எங்களுக்குப் புதிதில்லை. எல்லையிலேயே குடிவைக்கப்பட்ட ஜனம் நாங்கள். சயான் ஸ்டேஷனில் இறங்கி தாராவிக்கு நடந்து வருகிறவர்கள் அந்தப் பெயரை என்றைக்காவது யோசித்ததுண்டா? மராத்தியில் அது 'ஷீவ்'. அதாவது எல்லை. வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் சயான் ஆனது. பம்பாய்த் தீவு அங்கே முடிந்தது, ஓடைக்கு அந்தப் பக்கம் சாஷ்டித் தீவு, போர்ச்சுகீசியர் கையில். பம்பாய் எப்படி வெள்ளைக்காரன் கைக்கு வந்தது என்பது ஊரறிந்த கதை. 1661இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினை இங்கிலாந்து ராஜா சார்லஸுக்குக் கட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டபோது சீதனமாகக் கொடுத்தார்கள். ராஜா அதை 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷத்துக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு விட்டார். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் அந்த ஊர் எதுவரைக்கும் என்பதில் தகராறு. மாகிம் சீதனத்தில் சேர்த்தியா இல்லையா என்று வருஷக்கணக்கில் சண்டை. இன்று மும்பையில் நடக்கிற பில்டர் தகராறுகளுக்கெல்லாம் பிள்ளையார் சுழி அங்கே போட்டது.

அந்த எல்லையைக் காவல் காக்கக் கட்டியதுதான் தாராவியின் காலா கில்லா. கறுப்புக் கோட்டை. கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் 1737இல் கட்டியது என்று அதன் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அதே வருஷத்தில்தான் மராத்தியப் படை போர்ச்சுகீசியரிடமிருந்து சாஷ்டியைப் பிடித்தது. இன்று பஸ் டிப்போவுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். கோட்டை வீடுகளுக்கு நடுவில் குப்பை சுமந்து நிற்கிறது. மராத்திய மாவள வீரர்களின் கோட்டைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரவு முழுக்கப் பேசுகிற தலைவர்கள், ஓட்டுக் கேட்டு இந்தக் கோட்டையைத் தாண்டித்தான் போகிறார்கள். காரை விட்டு இறங்குவதில்லை. நாற்றம்.

கோட்டைக்குக் கீழே அன்று கோலி இன மீனவர்களின் கிராமம், சதுப்பு, கடற்கழி. அதன்பின் ஊருக்குள் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் இங்கே வந்தது. தோல் வந்தது. தோலைப் பதனிட திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆள் வந்தான். தென்பம்பாயில் இடமில்லை என்று குயவன் வந்தான். வந்தவனெல்லாம் காலடியில் கிடந்த சதுப்பைத் தூர்த்தான். தேங்காய் மட்டை, மரத்தூள், சாம்பல், கிழிந்த துணி, உடைந்த சட்டி, எதெல்லாம் கிடைத்ததோ அதெல்லாம் போட்டான். என் தாத்தா கட்டின குடிசை ஒவ்வொரு மழைக்கும் அரையடி இறங்குமாம். இறங்க இறங்க மேலே மண் போடுவாராம். இப்படி ஒரு பரம்பரை முழுக்கத் தரையை உண்டாக்குவதிலேயே கழிந்தது. தரை உண்டானதும் ஒரு அளவுக்காரர் வந்து, தரை யாருடையது என்று கேட்கிறார். தாத்தாவிடம் 'பாவதி' இல்லை. சதுப்பு ரசீது கொடுக்காது.

இனி மாநிலத்தின் ரோஷத்தைப் பார்ப்போம். ரோஷம் நிறைய உண்டு, பழுது சொல்லக் கூடாது. மும்பையோடு கூடிய மகாராஷ்டிரம் வேண்டும் என்று போராடி, துப்பாக்கிச் சூட்டிலும் மற்றதிலும் 106 பேர் உயிரைக் கொடுத்தார்கள். ஃபுளோரா ஃபவுண்டனுக்குப் பக்கத்தில் ஹுதாத்மா சௌக்கில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனம், உழைப்பாளிகள். அவர்களை நான் கும்பிடுகிறேன். 1960 மே 1 அன்று மாநிலம் பிறந்தது, மும்பை தலைநகரானது.

கேட்டதில் கிடைக்காமல் மிச்சமிருந்தது பெல்காம். 1956இல் மைசூர் மாநிலத்தோடு, இன்றைய கர்நாடகத்தோடு, போய்விட்டது. மகாஜன் கமிஷன் வைத்தார்கள். 1967இல் அது கொடுத்த அறிக்கை, கொஞ்சம் ஊர் உனக்கு, கொஞ்சம் ஊர் அவனுக்கு, பெல்காம் அங்கேயே இருக்கட்டும் என்றது. கமிஷன் கேட்டு வாங்கியவர்களே அறிக்கையை ஏற்கவில்லை. பெண் பார்க்கப் போய், தரகனையே அடித்த கதை.

அடிபட்டது தரகன் மட்டுமில்லை. 1969 பிப்ரவரியில், பெல்காமுக்காக மாகிமில் மறித்து நின்றவர்களைத் தாண்டித் துணைப் பிரதமர் மொரார்ஜி தேசாயின் கார் நிற்காமல் போனதற்கு நகரம் நாலைந்து நாள் எரிந்தது. ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். பெல்காம் இங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர். அங்கே போய்க் கல்லெறிவது சிரமம், பஸ் செலவு வேறு. மாட்டுங்காவும் தாதரும் நடக்கிற தூரம். உடுப்பி ஓட்டல் கண்ணாடிகள் நொறுங்கின. இட்லித் தட்டு ரோட்டில் உருண்டது. சகோதரர்களே, எல்லைத் தகராறு உங்களுக்கும் கன்னடனுக்கும். தமிழ்நாட்டுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் நடுவில் ஒரு சாண் எல்லைகூடக் கிடையாது, வேண்டுமானால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. கல்லெறிகிறவன் வரைபடம் கொண்டுவருவதில்லை. தென்னாட்டான் என்றால் மதராஸி, மதராஸி என்றால் லுங்கி, லுங்கி என்றால் அவிழ்க்க வேண்டியது. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பிருந்தே 'ஹடாவ் லுங்கி, பஜாவ் புங்கி' என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டெலிபோன் டைரக்டரியைப் பார்த்துத் தென்னிந்தியப் பெயர்களைப் பொறுக்கி, 'படித்துவிட்டுச் சும்மா உட்காருங்கள்' என்று தலைப்புப் போட்டு ஒரு கார்ட்டூன் பத்திரிகை வாராவாரம் அச்சடித்தது. தாராவியில் எவன் வீட்டில் அன்றைக்கு டெலிபோன் இருந்தது? டைரக்டரியில் பேர் வந்தவன் மாட்டுங்காவில் கதவைச் சாத்திக்கொண்டான். பேரே வராதவன் ரோட்டில் அடி வாங்கினான்.

என் அப்பா அந்த நாலு நாளும் வேட்டியை மடித்து டிபன் தூக்கோடு பைக்குள் வைத்துக்கொண்டு, யாருடையதோ இரவல் பாண்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். இடுப்பில் நிற்காத பாண்ட். சணல் கயிற்றால் கட்டியிருந்தார். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒரு முறைகூடச் சிரிப்பு வந்ததில்லை. இன்றும் தேர்தல் வந்தால் அந்த லுங்கி முழக்கத்தை யாராவது ஒருவர் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிறார். நாங்களும் ஆளுக்கொரு பாண்ட் தைத்து வைத்திருக்கிறோம், இந்த முறை சொந்த அளவில்.

நிற்க. 2022 டிசம்பர் 27 அன்று நாக்பூரில் கூடிய மகாராஷ்டிரச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பெல்காம், கார்வார், நிப்பாணி, பீதர், பால்கி, அத்தோடு 865 மராத்திக் கிராமங்கள், ஒவ்வோர் அங்குலமும் எங்களுடையது, சட்டப்படி போராடி மீட்போம். நாலைந்து நாள் முன்னால்தான் பெல்காமில் தாங்கள் கட்டிய சுவர்ண விதான சௌதாவில் உட்கார்ந்து, ஓர் அங்குலமும் விடமாட்டோம் என்று கர்நாடகம் தீர்மானம் போட்டிருந்தது. அந்தச் சபை கூடுவது வருஷத்தில் சில நாள்தான். மற்ற நாளில் அங்குலங்களைப் புறாக்கள் காவல் காக்கின்றன.

இதே மாநிலத்தில் அதற்கு ஒரு மாதம் முன்னால், நவம்பர் 29 அன்று ஒரு கவர் பிரிக்கப்பட்டது. தாராவியின் சுமார் 600 ஏக்கருக்கான டெண்டர். 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் கேட்டிருந்தது, அதற்கே போயிற்று. கூட்டு நிறுவனத்தில் 80 பங்கு அவர்களுக்கு, 20 பங்கு அரசுக்கு. குழுமத்தின் தலைமையகம் அகமதாபாத். எனக்கு அகமதாபாத் மேல் ஒரு கோபமும் இல்லை. எங்கள் குயவர்கள் அத்தனை பேரும் குஜராத்திகள்தான், நல்ல ஜனம், கடன் கொடுப்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. லுங்கி கட்டியவன் தாண்டியபோது மட்டும் தெரிந்த அந்த எல்லை, கவர் தாண்டியபோது எங்கே போனது? 865 கிராமத்தை மடியில் கட்டிக்கொள்ளத் துடிக்கிறீர்கள். ஏற்கெனவே உங்கள் கையிலிருக்கிற தாராவியின் மாடிகளை ஏன் உதறுகிறீர்கள்? அந்த மாடிகளில் மராத்திக்காரனும் இருக்கிறான் ஐயா. சோலாப்பூரிலிருந்து வந்தவன், சாங்கிலியிலிருந்து பஞ்சத்துக்கு ஓடி வந்தவன். பெல்காமில் அவன் இருந்தால் அங்குலம், தாராவி மாடியில் இருந்தால் அபாத்ர.

சமீபத்தில் இந்தியக் கடற்கரையை மறுபடி அளந்தார்கள். 7,516 கிலோமீட்டர் என்று நாம் மனப்பாடம் செய்தது 11,098 கிலோமீட்டர் ஆகிவிட்டது. கடல் வளரவில்லை. நெருங்கிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் கழிமுகத்தையும் கணக்கில் சேர்த்து அளந்தார்களாம். நியாயம்தான். தாராவியையும் நெருங்கித்தான் அளக்கிறார்கள். இங்கே மட்டும் எவ்வளவுக்கு நெருங்கிப் பார்க்கிறார்களோ அவ்வளவுக்கு ஆள் குறைகிறான்.

ஆறுகளுக்கு வருவோம். மகாராஷ்டிரத்து ஆறுகளைச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் திரியம்பகேஸ்வரத்தில் பிறக்கும் கோதாவரியில் தொடங்கி, மகாபலேஸ்வரத்துக் கிருஷ்ணா, பீமா, தாபி, நர்மதை என்று அடுக்கும். கிருஷ்ணாவுக்காகக் கர்நாடகத்தோடும் ஆந்திரத்தோடும் தீர்ப்பாயத்தில் அரை நூற்றாண்டாக நின்றாயிற்று. ஆல்மட்டி அணையை ஒரு முழம் உயர்த்தினால் சாங்கிலி மூழ்கும் என்கிறார்கள், இருக்கலாம். கடைசியில் பிள்ளை, 'மித்தி' என்று சொன்னால் வாத்தியார் சிரிப்பார். அது ஆறா? நாலா, சாக்கடை அல்லவா?

ஆறுதான். 18 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விஹார், பவாய் ஏரிகளின் மிச்சத் தண்ணீரில் பிறந்து, சாக்கிநாக்கா, குர்லா வழியாக எங்கள் தாராவிக் கரையை உரசி, மாகிமில் கடலில் விழுகிறது. இந்தியிலே மீட்டி என்றால் இனிப்பு. மராத்தியில் மிட்டி என்றால் ஆரத் தழுவுவது. பெயர் வைத்தவன் நல்ல மனசுக்காரன். ஆற்றின் குறுக்கே விமான ஓடுபாதையை நீட்டினார்கள். ஆற்றை முட்டியை மடக்கி உட்காரச் சொல்வது போலத் திருப்பினார்கள். கரையின் சதுப்பையும் கண்டல் காட்டையும் தூர்த்து பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் கட்டினார்கள். சதுப்பைத் தூர்த்தால் எங்களுக்குப் பெயர் ஆக்கிரமிப்பாளன். அவர்களுக்குப் பெயர் திட்ட ஆணையம்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி தன் மராத்திப் பெயரைக் காப்பாற்றியது. ஊரையே தழுவிக்கொண்டது. நகரத்தில் மட்டும் நானூறு பேருக்கு மேல் போனார்கள். அடுத்த மாதமே ஆற்றுக்கு ஒரு ஆணையம் வைத்தார்கள், விசாரிக்கச் சித்தளே கமிட்டி வைத்தார்கள், ஆணையத்துக்கு அலுவலகம், அலுவலகத்துக்கு நாற்காலி. தூர் வாருகிறோம், அகலப்படுத்துகிறோம், சுவர் கட்டுகிறோம் என்று வருஷாவருஷம் கோடிகள் ஓடின. ஆறு ஓடவில்லை. 2025 மே மாதம் போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு, தூர் வாரியதில் 65 கோடி ரூபாய் மோசடி என்று வழக்குப் பதிந்தது. வாரிய சேற்றைக் கொட்டியதாகக் காட்டிய நிலங்களின் ஒப்பந்தமே போலி என்பது குற்றச்சாட்டு. குற்றவாளி யார் என்று நீதிமன்றம் சொல்லட்டும். நான் ஆற்றங்கரைக்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சேறு எங்கேயும் போகவில்லை. இங்கேயேதான் இருக்கிறது. வந்து பாருங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டாவது.

குடிக்கிற தண்ணீர் இந்த ஆற்றிலிருந்து இல்லை, நல்லவேளை. தான்சா, வைதர்ணா, பாத்ஸா என்று நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்து ஆறுகளிலிருந்து வருகிறது. தண்ணீர் அனுப்புகிற ஷஹாப்பூர் தாலுகாவின் ஆதிவாசி ஊர்கள் கோடையில் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நிற்கின்றன. அவர்கள் ஊர்த் தண்ணீர் அவர்கள் ஊர் வழியாகவே குழாயில் ஓடுகிறது, சத்தம்கூடக் கேட்கும். அந்தத் தண்ணீர் எங்கள் சந்துக்கு வருவது விடிகாலையில் கொஞ்ச நேரம். மோட்டார் வைத்தவனுக்கு வாளி, வைக்காதவனுக்குச் சொட்டு. ஆச்சி சொல்வாள்: "தாமிரபரணிய விட்டுட்டு வந்தேன்லா, எனக்கு இது வேணும்."

ஒரு நாடு பெரிதானால் காலனிகள் வேண்டும் அல்லவா? தாராவிக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காஞ்சூர்மார்க், பாண்டூப், முலுண்டில் 256 ஏக்கர் உப்பளம். மலாட் மால்வணியில் 140 ஏக்கர். குர்லாவில் பழைய பால் பண்ணை நிலம். அபாத்திரங்களை அங்கெல்லாம் குடியேற்றலாமாம். உப்பளம் என்பது மழைக்காலத்தில் கடலும் மழையும் சந்தித்துக்கொள்கிற இடம். அதையும் தூர்த்துக் கட்டினால் அடுத்த ஜூலை 26க்குத் தண்ணீர் எங்கே போய் உட்காரும் என்று கேட்டால் பதில் இல்லை. முலுண்ட்காரர்கள் வேறு, தாராவிக்காரன் எங்கள் பக்கம் வரக்கூடாது என்று பலகை பிடித்தார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. எங்களை மாதிரியே அவர்களும் பாண்ட் தைத்தவர்கள்தான், இப்போது இஸ்திரி போட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மகுடம் தேவ்னார். செம்பூரைத் தாண்டி, 1927இலிருந்து மும்பையின் குப்பை கொட்டப்படும் மைதானம். மைதானம் என்பது அரசாங்கச் சொல். பத்து மாடி உயரத்துக்கு மலை. 2016 ஜனவரியில் அது தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தபோது அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதிலிருந்து 124 ஏக்கரைத் தாராவித் திட்டத்துக்குக் கொடுக்க 2024இல் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. குப்பையை அகற்றிவிட்டுத்தான் கட்டுவோம் என்கிறார்கள். மித்தியில் சேற்றை அகற்றிய அதே ஊரில் சொல்கிறார்கள். முதலில் 1927இல் குப்பையைத் தேவ்னாருக்கு அனுப்பினார்கள். 1971இல் பாந்த்ராவிலிருந்த ஆடு மாடு வெட்டும் கூடத்தை அனுப்பினார்கள். அடுத்தது நாங்கள். வரிசை தவறவில்லை.

செம்பூர்த் தமிழர்கள் சேடா நகர் முருகன் கோயில் படியேறி மூச்சு வாங்கி நிற்கும்போது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் நெஞ்சு நிறைய இழுப்பார்கள். தேவ்னார்ப் பக்கமா, மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமா. அந்த மாஹுலுக்குத்தான் தான்சா குழாயோரத்துக் குடிசைக்காரர்களை அள்ளிப்போட்டார்கள். நோய் பிடித்த ஜனம் நீதிமன்றம் போய், இந்தக் காற்றுக்குள் போகச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதே, வேறு வீடு கொடு, இல்லையென்றால் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவு போடும்படி ஆயிற்று. ஐந்து வருஷம் கழித்து, அதே கிழக்குப் பக்கம், அதே செம்பூருக்குப் பின்னால், அதே மாதிரி ஒரு யோசனை. மறதியில்லை இது. ஏழையின் மூக்கு வேறு மாதிரி செய்யப்பட்டது என்ற உறுதியான நம்பிக்கை.

மாநிலத்தைத் திட்டியாயிற்று. நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? மாட்டுங்கா என்று ஊர் ஒன்று, தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் அதே பெயர். கிழக்கே கிங்ஸ் சர்க்கிள், டிகிரி காபி, பூக்கடை, பஜனை சமாஜம். மேற்கே தாராவியை ஒட்டி லேபர் கேம்ப். கிழக்கு மாட்டுங்கா மாமா ஒருவரை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். கர்நாடக சங்கீதத்தில் எந்த ராகம் எந்த ராகத்தோடு எல்லை உரசுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். போன மாதம் பேச்சுவாக்கில், "தாராவியா? நான் அந்தப் பக்கமே போனதில்லைப்பா" என்றார். அவர் வீட்டு வாசலிலிருந்து காலா கில்லா நடந்தால் இருபது நிமிஷம் பிடிக்காது. அவருடைய தோல் பெல்ட், தைத்த பாண்ட், முறுக்கு, எல்லாம் அந்தப் பக்கம் போய் வந்தவைதான். அவர் மட்டும்தான் போனதில்லை. 1969இல் கல்லெறிந்தவன்தான் எங்கள் இரண்டு பேரையும் ஒரே சாதியாகப் பார்த்தான், இந்த நகரத்திலேயே அவன் ஒருவன்தான்.

சென்னையிலிருந்து தலைவர்கள் வருவார்கள். தேர்தலுக்கு வருவார்கள், பொன்னாடை போட்டுக்கொள்வார்கள், 'கடல் கடந்த தமிழர்களே' என்பார் ஒருவர். தாதர் எக்ஸ்பிரஸில் வந்தோம் ஐயா, நடுவில் கடலே இல்லை என்று யாரும் திருத்துவதில்லை. சினிமாக்காரர்களுக்கு இன்னும் வசதி. 2018இல் வந்த 'காலா'வுக்காகச் சென்னையிலேயே ஒரு தாராவியைச் செட் போட்டார்கள். சந்து, பத்ரா, நாலா, எல்லாம் அச்சு அசல். தாராவியை முழுசாகப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடியும் என்று நிரூபித்தது அதுதான். படம் முடிந்ததும் பிரித்துவிட்டார்கள், ஒருத்தனையும் பாத்திரமா என்று கேட்கவில்லை. அங்கே பாத்திரம் கிடைத்தவனுக்குச் சம்பளம் கிடைத்தது.

ஜூலை பிறந்து நாலு நாள் விடாத மழை. ராத்திரி ஆச்சி வீட்டுக்கு ஒரு காகிதம் படித்துக்காட்டப் போயிருந்தேன். பெரிய பேரன் கீழே உட்கார்ந்து மகாராஷ்டிர வரைபடத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தான், கர்நாடகத்துக்குச் சிவப்பு, குஜராத்துக்குப் பச்சை. மேலே பத்ராவில் எங்கேயோ ஓட்டை. அபாத்திரத்தில் விழுந்த மழை, பலகை இடுக்கு வழியாக இறங்கி பாத்திரத்துக்குள் சொட்டியது, நேராக அரபிக்கடலின் மேல். கலர் கரைந்து கோவா காணாமல் போயிற்று. பையன் நோட்டை இழுத்துக்கொண்டு நகர்ந்தான். ஆச்சி காகிதத்தை என் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து, சொட்டுகிற இடத்தில் ஒரு ஈயப் போணியை வைத்தாள். அது டங் டங்கென்று நிறைந்தது. ஏணிப் பக்கம் தலையை நீட்டி மருமகளைக் கூப்பிட்டாள்:

"ஏட்டி, பாத்திரம் நெறைஞ்சிட்டு. இன்னொண்ண எடுத்துக்கிட்டு எறங்கி வா."